வாய்க்காலில் விட்ட ஊதாப்பூ

பதுளை, கடைவீதி
சாதாரண வருஷம், ஆனி மாதம்

என் அருமை மகன் தர்மலிங்கத்துக்கும் மருமகள் சந்திரகாந்திக்கும் அம்மா எழுதுவது. முருகன் துணையால் நீங்கள் இருவரும் பினாங்கில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி க்ஷேமம் என்று எழுதினால்தான் பொய்யாகாது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது, சாப்பாட்டில் குறையில்லை, என்னோடு பேசுவதில்தான் குறை. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறார். இந்த வீட்டில் யாராவது வெந்நீர் வைப்பார்களா என்று சுவரிடம் கேட்கிறார், நானும் சுவரோரமாகச் செம்பை வைத்துவிட்டு வருகிறேன். உன் அண்ணன் கணபதி கடையைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் முழிக்கிறான். பேரப்பிள்ளைகள் சுகம், பெரியவளுக்கு முன்பல் விழுந்து பேச்செல்லாம் காற்றாக வருகிறது.

காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் உடனே செய்ய வேண்டிய காரியம் ஒன்று. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்குச் செடி கொடுத்தனுப்புவது எங்கள் சங்கத்து வழக்கம் என்று மருமகளுக்கு ஒன்று கொடுத்தேனே, தொட்டித் தண்ணீரில் மிதக்கிற ஊதாப்பூச் செடி, அது பூத்துவிட்டது என்று போன காகிதத்தில் சந்தோஷமாக எழுதியிருந்தாள். அதை வேரோடு எடுத்து வெயிலில் காயப்போட்டு எரித்துவிடுங்கள். யாருக்காவது கொடுத்திருந்தால் கௌரவம் பார்க்காமல் போய்த் திரும்ப வாங்குங்கள். பூஜைக்கு வைத்த பூவாக இருந்தாலும் ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடாதே அம்மா சந்திரகாந்தி, நாங்கள் விட்டதால் வந்த வினையைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

நீங்கள் நடத்துகிற சங்கம் என்ன சங்கம் அத்தை என்று மருமகள் கேட்டிருந்தாள், அவளுக்கு இதை வாசித்துக் காட்டு. நீ அப்போது தொட்டிலில் கிடந்தாய். இந்தக் கடைவீதியில் கசாப்புக்கடை ஆடுகள் ஒரு வீட்டுச் செடியையும் விட்டுவைக்காது. என் மல்லிகை போனது, பின்வீட்டு ரஹ்மத்தும்மாவின் மருதோன்றி போனது, வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் நின்று ஆட்டுக்காரனை ஏசி ஏசித்தான் சிநேகிதமானோம். தனித்தனியாக வேலி கட்டி முடியாது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் தோட்டம் போடுவோம் என்று யோசனை வந்தது. நம் கடையில் உப்பும் துணியும் வாங்குகிற புஞ்சி பண்டா, தன் வயலுக்குப் பக்கத்தில் வாய்க்காலோரமாக இருந்த மேட்டைக் கொடுத்தார். கூலி குத்தகை எதுவும் கேட்கவில்லை, வருஷப் பிறப்புக்கு ஒரு கட்டு வெற்றிலை கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்றார். ஆம்பிளைகள் கீரைச் சங்கம் என்று கேலி செய்தார்கள், செய்யட்டும். அன்றைக்கு அத்தனை பொம்பளைகளில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துக் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதனால் என்னைத்தான் தலைவி என்றார்கள், இன்றைக்கு வரைக்கும் மாற்றவில்லை. செடியை விற்கக் கூடாது, கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, இவ்வளவுதான் சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் கீரையும் முருங்கைக்காயும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும். மடுல்சீமை, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிவந்து, எங்கே போய்ச் சமைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற சனத்துக்கு ரசமும் கீரையும் சோறும் போடுவோம். ஊர் திரும்பும்போது அவர்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் நடுவதற்கு ஒரு முருங்கைக் கொம்பும் கொடுத்தனுப்புவோம்.

இந்த ஊதாப்பூவை ரஹ்மத்தும்மாவின் மகன் பாறூக்தான் கொழும்பிலிருந்து வாளியில் வைத்துக் கொண்டுவந்தான். அழகென்றால் அப்படி ஒரு அழகு, எல்லா வீட்டுத் தொட்டிக்கும் போனது. ஒன்று பத்தாகிப் பத்து நூறாகித் தொட்டி கொள்ளவில்லை. சாமிக்கு வைக்கிற பூவாயிற்றே, குப்பையில் போட்டுக் காலில் மிதிபடலாமா, நிர்மாலியத்தை விடுவதுபோல வாய்க்காலில் விட்டோம். பூவை மட்டும் விட்டிருந்தால் வாடிப் போயிருக்கும், மிஞ்சிய செடியையும் கும்பிட்டு விட்டோம். ரஹ்மத்தும்மா வீட்டில் மிஞ்சியதையும் வேலிக்கு மேலே வாங்கி நாங்களே விட்டோம். அது போய் புஞ்சி பண்டாவின் மடையில் அடைத்து ஒரு பாய் விரித்ததுபோல வளர்ந்துவிட்டது. அதன் மேல் கோழி நடக்கிறது, கீழே தண்ணீர் நகரவில்லை, நட்ட நெல் வெடித்த மண்ணில் நிற்கிறது. இந்தச் செடி எங்கே இருந்தாலும் பிடுங்கி எரிக்க வேண்டும் என்று அரசாங்கக் கச்சேரியிலிருந்து தமுக்கும் அடித்துவிட்டார்கள்.

உன் அப்பாவின் சுவர்ப் பேச்சு தொடங்குவதற்கு ஒரு வாரம் முந்தி புஞ்சி பண்டா கடைக்கு வந்தார். உள்ளே வாங்க என்றேன், வரவில்லை. அம்மா, உங்க பூ எங்க சோத்தைத் தின்னுட்டுது என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. வருகிற பௌர்ணமிப் போயாவுக்குள் தண்ணீர் ஓட வேண்டும், ஓடாவிட்டால் மேட்டை இனித் தரமாட்டேன், மகன்மார் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் கடைக்கு வந்து வெற்றிலை போடாமல் அவர் போனது அன்றைக்குத்தான்.

முதலில் கூலியாள் விட்டோம். அவர்கள் மளமளவென்று இழுத்துக் கரையில் குவித்துவிட்டுப் போனார்கள், ஒரு மழை பெய்தது, குவித்தது பாதி திரும்ப வாய்க்காலுக்குள் போய்விட்டது. விரல் நீளத் துண்டு மிதந்தாலும் அது ஒரு செடியாகிறது. அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கிக் கூடையில் போட வேண்டிய வேலை இது, பொம்பளை வேலை. நாமே இறங்குவோம் என்றேன். கோயில் காரியம் பார்க்கிற நல்லையா போன செவ்வாய்க்கிழமை உன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். கடைக்கார வீட்டுப் பொம்பளைங்க சேலையைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால்ல நின்னா நாளைக்கு எவன் நம்ம கடைக்கு மரியாதையா வருவான் என்றார். மரியாதையா வராட்டிச் சும்மா வரட்டும், உப்பு வாங்கத்தானே வாறான் என்றேன். செடியைக் கொண்டுவந்தது பாறூக், அவங்க வீட்டு ஆளே பிடுங்கட்டுமே என்று அடுத்ததாகச் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் ரஹ்மத்தும்மா மூக்குறிஞ்சுவது எனக்குக் கேட்டது. கொண்டுவந்தது அந்தப் பிள்ளை, கும்பிட்டுத் தண்ணீரில் விட்டது நாங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் உன் அப்பா சுவரோடு பேச ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை காலையில் இறங்கினேன். உன் அண்ணி பூவம்மா கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று தலைவலி. இடுப்புவரை தண்ணீர், அழுகல் நாற்றம், அட்டை வேறு. பாலத்தில் நின்ற ஒருவன், கீரைச் சங்கம் மீன் பிடிக்குதா என்றான். ஆமாண்ணே, வலை பத்தல, உங்க வேட்டியைக் குடுங்க என்றாள் பூவம்மா. அதற்குப் பிறகு பாலத்தில் கூட்டம் குறைந்தது. ரஹ்மத்தும்மா அவர்கள் வீட்டு வழக்கப்படி வெளியில் வந்து நிற்க முடியாதவள், நாங்கள் நிறைக்கிற கூடைகளைப் பாறூக் வண்டியில் ஏற்றிப் போகிறான், அவள் தன் வீட்டு முற்றத்தில் காயப்போட்டுப் போட்டு எரிக்கிறாள், புகையில் அவள் கண் இரண்டும் கோவைப்பழம். நேற்று புஞ்சி பண்டா வரப்பில் வந்து நின்றார். நாங்கள் விட்டுவிட்ட துண்டு ஒன்றைக் குனிந்து எடுத்து என் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அதைக் கோபம் என்று எடுப்பதா, வேறு என்னவென்று எடுப்பதா, எனக்குத் தெரியவில்லை.

மனதை அரிக்கிறது இன்னொன்றும் இருக்கிறது. மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து வந்த ரெங்கம்மா என்கிற பெண், பிள்ளை சுகமாகித் திரும்பும்போது அந்தப் பூவைக் கேட்டாள், கொடுத்தோம். லயத்துக்குத் தண்ணீர் விழுகிற பீலிக்கு மேலே ஒரு குட்டை இருக்கிறதாம், அதில் விட்டாளோ என்னவோ, அந்தச் சனம் குடிக்கிற தண்ணீர் அது. கங்காணி மூலம் சொல்லி அனுப்பினேன், பதில் இல்லை. வாய்க்கால் முடிந்ததும் பாறூக்கின் வண்டியில் நானே போகலாம் என்று இருக்கிறேன்.

உன் அப்பா உனக்குத் தனியாகக் காகிதம் எழுதுவார். நீ சொன்னால் நான் கேட்பேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அம்மாவைத் தண்ணீரை விட்டு ஏறச் சொல் என்று கேட்பார். அப்படி எழுதாதே. எழுதினாலும் உன் காகிதம் கப்பலில் வந்து சேருவதற்குள் போயா தாண்டியிருக்கும். இன்னும் பாதி வாய்க்கால் கிடக்கிறது, நாங்கள் நாலே பேர். தண்ணீர் ஓடாவிட்டால் மேடு போய்விடும், மேடு போனால் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் தட்டோடு நிற்கிறவர்களிடம் நான் எந்த முகத்தோடு போய் இல்லை என்று சொல்வேன்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே, மருமகளை அதட்டிப் பேசாதே. அந்தச் செடியை எரித்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், அது வரும் வரைக்கும் எனக்கு நிம்மதியில்லை. கதிர்காமத்தான் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல பிள்ளைச் செல்வமும் தரட்டும். விடிந்துவிட்டது, பூவம்மா கூடையோடு வாசலில் நிற்கிறாள்.

இப்படிக்கு, உங்கள் நன்மையையே நினைத்திருக்கும்
அம்மா வடிவம்மா