அம்மாவுக்கு லைசென்ஸ், அப்பாவுக்கு மறுதேர்வு

சைகோன், 14-11-1999, ஞாயிறு

அன்பு மகள் வள்ளியம்மைக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் அம்மா மட்டும் சௌக்கியம். லியோன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாயிருக்க மாரியம்மன் துணையிருப்பாள். மழை இந்த வருஷம் விடுகிற மாதிரி தெரியவில்லை, கான் ஹொய்யில் நம் சந்துக்குள் இரண்டு நாள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று நேற்றுத்தான் வடிந்தது. பக்கத்து வீட்டு ரோசாலி மூட்டு வலியோடுதான் இருக்கிறாள், ஆனால் இப்போதெல்லாம் அவளுக்கு ஊர் சுற்றக் குறைவில்லை, அந்தக் கதைக்கு வருகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கார் லைசென்ஸ் தேர்வில் இரண்டாம் தடவையும் தவறிவிட்டதாகவும், இனிமேல் மாப்பிள்ளையே ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு. யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள், வீட்டுக்காரரிடம் மட்டும் வேண்டாம். மாப்பிள்ளை நல்லவர், அதனால்தான் சொல்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் உதாரணம் இல்லாமல் எதையும் சொல்லமாட்டான் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை உதாரணம் நானேதான்.

ஆகஸ்ட் மாதம் கான் ஹொய் பாலத்து இறக்கத்தில் ஒரு போலீஸ்காரப் பிள்ளை என் ஹோண்டா மோட்டார் சைக்கிளை நிறுத்தியது. வழக்கம்போல் பிளாஸ்டிக் உறையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினேன். 75-ல் ஆட்சி மாறுவதற்கு முன்னால் வாங்கினது, மாற்றிக்கொள்ளச் சொன்னபோதெல்லாம் வரிசை நீளமாயிருக்கிறதென்று திரும்பி வந்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, தாத்தா, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே இது செத்துப்போச்சு, என்றது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். புதிதாய்த் தேர்வு எழுத விண்ணப்பம் வாங்கப் புறப்பட்டபோது அம்மா, ரெண்டா வாங்கிட்டு வாங்க, என்றாள். இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். எனக்குத்தான், இருபத்தேழு வருஷமா பின்னால உக்காந்து உங்க சட்டைக் காலரையே பாத்தாச்சு, கொஞ்சம் ரோட்டையும் பாக்குறேன், என்றாள். ஐம்பத்தெட்டு வயசில் வந்த ஆசை, மூன்று நாளில் போய்விடும் என்று நினைத்தேன்.

சந்தோஷமாகத்தான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். துறைமுகத்துப் பக்கம் மூடிக் கிடக்கிற கிடங்கு ஒன்றின் முன்னால் நல்ல சிமெண்டுத் தரை இருக்கிறது. முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. பம்பரம் ஏன் சாய்வதில்லை, தலையில் குடத்தோடு போகிறவள் எப்படித் திரும்புகிறாள், எடையின் மையம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். இரண்டாம் நாள் ஹேண்டில்பாரை நானும் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். மூன்றாம் நாள் அம்மா இறங்கி ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, பம்பரம் போதுங்க, எனக்கு வண்டி வேணும், என்று சொல்லிவிட்டு ஜலீலிடம் போய்விட்டாள். டோங் டு தெருவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிற ஜலீலை உனக்கு நினைவிருக்கும். என் வகுப்பில் இருந்தவன், பின்னக் கணக்கு கடைசிவரை அவனுக்கு ஏறவேயில்லை. அவன் ஒரு கேன் தண்ணீரைச் சாய்த்துத் தரையில் எட்டு வரைந்து, அக்கா, சக்கரத்தப் பாக்காதீங்க, போற பக்கம் பாருங்க, தண்ணி காயறதுக்குள்ள சுத்தி வந்துருங்க, என்றானாம். மொத்தப் பாடமும் அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் அம்மா கால் ஊன்றாமல் எட்டுப் போட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால் எதிரே கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தற்செயலாகப் போனேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் மூன்று நாள் போனேன். தடுமாறும்போதெல்லாம் அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். என்னிடம் தடுமாறினபோது நாங்கள் இரண்டு பேருமே சிரிக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது பாப்பா. இந்த வயசில் இப்படி எரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அக்டோபரில் தேர்வு. எழுத்துத் தேர்வில் எனக்கு ஒரு கேள்விகூடத் தப்பில்லை, அம்மா மயிரிழையில் பாஸ், அன்று காலை முழுக்க நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். பிறகு மைதானம். இருநூறு பேர் இருக்கும், எல்லாம் பதினெட்டு இருபது வயசுப் பிள்ளைகள். அம்மா பெயரை முதலில் கூப்பிட்டார்கள். ஒரு கோட்டையும் தொடாமல் எட்டைச் சுற்றி வந்தாள், பிள்ளைகள் பாட்டி பாட்டி என்று கத்திக் கைதட்டினார்கள். அடுத்து நான், இருபத்தேழு வருஷ அனுபவத்தோடு போய், முதல் வளைவிலேயே வலப்பக்கக் கோட்டைத் தொட்டேன், இரண்டாவதில் ஏறியே விட்டேன், அதற்குப் பிறகு காலையும் ஊன்றிவிட்டேன். ஒரு மாதம் கழித்து மறுதேர்வு என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும்போது அம்மா முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. சந்தையைத் தாண்டும்போது அவள் திரும்பாமலேயே, சும்மா உக்காருங்க, ஆடாதீங்க, என்று அதட்டினாள். இத்தனை வருஷமும் நான் அவளிடம் சொல்லிவந்த அதே வார்த்தை.

அன்றிலிருந்து வீட்டில் நான் இருக்கிறேன், வண்டி இருப்பதில்லை. ரோசாலியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காலையில் பென் தான் என்கிற பெரிய சந்தை, அங்கிருந்து அம்மன் கோயில், அங்கிருந்து எங்கேயோ ஒரு தெருவில் நண்டு சூப். எனக்குத் தெரியாத தெருவின் பெயரையெல்லாம் எனக்கே சொல்கிறாள். ரோசாலி என் இடத்தில், இல்லை, அம்மாவின் பழைய இடத்தில் உட்கார்ந்து போவதைப் பார்த்தாலே எனக்குப் பொறுக்கவில்லை. இனி எழுதப்போவதை நீ மாப்பிள்ளையிடம் சொல்லாதே. வண்டியின் கண்ணாடியை அம்மா தன் உயரத்துக்குத் திருப்பி வைத்திருந்தாள். தினமும் காலையில் அவள் புறப்படுவதற்கு முன்னால் நான் அதை என் உயரத்துக்குத் திருப்பி வைத்தேன். என் வண்டி என்று காட்டத்தான், வேறு கெட்ட எண்ணமில்லை. போன வாரம் சந்தை வளைவில் பின்னால் வந்த சைக்கிள் ரிக்‌ஷாவை அவள் பார்க்கவில்லை. முழங்கை சிராய்த்து, மட்கார்டு நசுங்கி வந்து நின்றாள். பயப்படாதே, காயம் ஆறிவிட்டது. நான்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜலீலிடம் போனேன்.

அவன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாத்தியாரய்யா, இது அக்கா உயரமில்லீங்களே, என்று மட்டும் சொன்னான். நான் நசுங்கின மட்கார்டைக் காட்டினேன். பிறகு அவனே, கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க, எங்க தப்புதுன்னு பாப்போம், என்றான். பள்ளிவாசல் பக்கத்துச் சந்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அவன் சிரித்துவிட்டு, அய்யா நீங்க தனியா ஓட்டலை, பின்னால அக்கா உக்காந்திருக்கிற மாதிரி ஓட்டுறீங்க, என்றான். யோசித்துப்பார். சைலன்சர் சுடும் என்று அம்மா எப்போதும் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டுத்தான் உட்காருவாள். அந்த எடைக்கு ஈடாக நான் இத்தனை வருஷமும் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். அவள் இல்லாத வண்டி வலப்பக்கக் கோட்டில் போய் ஏறாமல் என்ன செய்யும். எடையின் மையத்தைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினவன் நான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். தெரியும், தினம் நான் திருப்பி வச்சுக்கிட்டுத்தானே போனேன், அன்னிக்கு மறந்துட்டேன், என்றாள். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். இப்போது நானும் ஜலீலின் மாணவன், நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் எட்டைச் சுற்றுகிறேன், பாதி நாள் தண்ணீர்தான் முதலில் காய்கிறது. இப்போதைய பொறாமை ஜலீல் மேல் இல்லை, ரோசாலி மேலும் இல்லை. அம்மாவுக்கு நான் இல்லாமல் ஓட்ட ஒன்பது நாளில் வந்துவிட்டது, எனக்கு அவள் இல்லாமல் ஓட்ட ஒரு மாதமாகியும் சரியாக வரவில்லை. அவளால் முடிகிறதே என்றுதான் இருக்கிறது. வியாழக்கிழமை மறுதேர்வு. அதில் தவறினால் இனி எழுதுவதில்லை, சாவி அவளுக்கே என்று தீர்மானித்திருக்கிறேன். முடிவைச் சேர்த்தே தபாலில் போடுகிறேன்.

18-11-1999, வியாழன். பாஸ் செய்துவிட்டேன். ஒரே ஒரு இடத்தில் கோட்டைத் தொட்டேன், மன்னித்துவிட்டார்கள். வெளியே அம்மா வண்டியோடு காத்திருந்தாள். சாவியைக் கொடு என்றேன், தகராறு செய்யாமல் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் இரண்டு காலையும் இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். ஜலீல் கற்றுக்கொடுத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்து புறப்பட்டேன். பத்தடி போவதற்குள் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் நடைபாதையில் இடித்து நின்றது. அம்மா இறங்கிக் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வந்தேன், சட்டைப்பையில் தேர்ச்சித் தாளோடு.

அங்கே நல்ல பயிற்சிப் பள்ளியாகப் பார்த்துச் சேர்ந்துகொள், மூன்றாம் தடவையில் கட்டாயம் பாஸ் செய்வாய், என் ஆசீர்வாதம் உண்டு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம். நீ பாஸ் செய்ததும் தனியாக மட்டுமில்லாமல் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தும் ஓட்டிப் பழகு. அவர் முகம் வாடினால் கண்டுகொள்ளாதே, இரண்டு நாளில் சரியாகாது, ஆனாலும் ஓட்டு.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா,
சோமசுந்தரம்