உறவு என்ற கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

சிலிண்டர் மாற்றினேன். போனது நாற்பத்தொரு நாள் வந்தது.

பதினொரு மணிக்கு வக்கீலம்மா போன். என் வீட்டுக்காரரின் சிநேகிதர் வெல்டர் அண்ணனுக்குப் பதினெட்டாம் தேதி தண்டனை சொல்லப் போகிறார்களாம். பட்டறையில் கூட வேலை செய்தவரைக் கம்பியால் அடித்துக் கையை முறித்துவிட்டு, தானே போலீசுக்குப் போய் ஒப்புக்கொண்ட மனிதர். இரண்டு வருடம் வரை போடலாமாம். அவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிந்த யாராவது நீதிபதிக்கு எழுதிக்கொடுத்தால் குறைய வாய்ப்புண்டு.

"நீங்க எழுதுவீங்களாம்மா?"

நானா! எட்டாவதோடு நின்று, மிச்சத்தை மகளின் புத்தகங்களில் படித்தவள். நீதிபதிக்குக் கடிதம்! பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கும்போதே முதல் வரி வந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்

மூன்றாவது தடவை படியெடுத்தேன். நாலு பக்கம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அவன் தண்டனையே முடிஞ்சிடும்" என்றார். சிரிப்பு அடங்கவில்லை. இரண்டு பக்கமாகக் குறைத்தேன். மகள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

கடிதம் திரும்பி வந்துவிட்டது! கூடக் கொடுத்த படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம். அதில் 'அண்ணன்' என்று எழுதியிருக்கிறேன். வக்கீலம்மா, கூடப் பிறந்தவரா என்று கேட்டார். இல்லை, பத்தொன்பது வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன் என்றேன்.

"நமக்குப் புரியும்மா. கோர்ட்டுக்கு அது பொய். சொந்தத் தங்கச்சி வேற எப்படிச் சொல்வான்னு கடிதத்தையே ஒதுக்கிடுவாங்க."

அடித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன். மூன்றெழுத்துதான். பேனா நகர மாட்டேன் என்றது.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் கும்பிட உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை. கடிதத்தில் 'கோபமே வராதவர்' என்று ஒரு வரி. ஆண்டவனே, அது மட்டும் என்ன, பொய் இல்லையா?

பழைய வீட்டுக் கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். எல்லாவற்றையும் எழுதிவைக்கும் புத்தி இன்றைக்கு உதவியது. ஒன்பது வருடம் முன்பு, ஒரு ஞாயிறு: 'சீட்டாட்டத்தில் இவருக்கும் அண்ணனுக்கும் தகராறு. அண்ணன் பின்கதவை உதைத்தார். கீல் போச்சு.' மறுநாள்: 'காலை ஆறரைக்கு அண்ணன் புதுக் கீலோடு வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. மாட்டிவிட்டு, காப்பி கூடக் குடிக்காமல் போனார்.'

அதற்கப்புறம் வருடா வருடம் அண்ணனே வந்து அந்தக் கீலுக்கு எண்ணெய் போட்டிருக்கிறார். ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கிறது! துள்ளிக் குதிக்காத குறை. பொய் வரியை எடுத்துவிட்டு இதை எழுதிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கோபக்காரர்னு நாமளே சொல்லிக் கொடுக்கணுமா என்றார். உள்ளதைத்தான் எழுதுவேன், வேண்டாமென்றால் கடிதத்தைக் கொடுங்கள் என்றேன். என் குரல்தானா அது?

வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 18, செவ்வாய்

கோர்ட்டிலிருந்து வந்ததும் எழுதுகிறேன்.

அண்ணன் இளைத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். கை முறிந்தவரும் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறதே.

நீதிபதி என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"உறவு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் போச்சு. வாயில் வந்ததைச் சொன்னேன்: "கோவம் வந்தா உடைப்பாருங்க. ஆனா உடைச்சதை விட்டுட்டுப் போக மாட்டாரு. எங்க கதவு இன்னிக்கும் சத்தம் போடாம மூடுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கை ஒன்றும் கதவு இல்லை என்றார். ஆமாங்க என்றேன். கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார்.

நாலு மாதம். இரண்டு வருடம் இல்லை, நாலே மாதம்! வெளியே வந்தபின், அடிபட்டவர் குணமாகும்வரை அவர் வீட்டுக்கு அண்ணன் தன்னாலானதைச் செய்ய வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருக்கிறது. சொல்லாவிட்டாலும் செய்வார்.

வாசலில் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தூசி என்றார். என்ன தூசியோ.

ஏப்ரல் 5, சனி

சிறையில் அண்ணனைப் பார்க்க விடும் முதல் நாள். பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தது.

சிறை வாசலில் ஒரு பெண் காவலர், யார் யார் பார்க்க வரலாம் என்று கைதியே எழுதிக்கொடுத்த பட்டியலை விரித்தார். என் பெயரில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"தங்கைன்னு போட்டிருக்காரு. கூடப் பிறந்தவங்களா?"

கோர்ட்டில் இல்லை என்று எழுதிக்கொடுத்தவள் நான். ஆண்டவனுக்கும் தெரியும்.

"கூடப் பிறக்கலைங்க" என்றேன்.

அடித்து வேறு எழுதவா என்று பேனாவை எடுத்தார்.

வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.