திங்கட்கிழமைத் துணிக்கொடி

வயலா,
5 பிப்ரவரி 1979

அன்புள்ள கெவன்,

நீ புது வேலைக்காகப் பெர்த்துக்குப் போய்ப் பத்து நாளாகிறது. பக்கத்து வீட்டு மொய்ராவின் தொலைபேசியில் மூன்று நிமிடம் பேசி என்ன ஆகப்போகிறது, அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை லியானுக்கு மறுபடியும் மூச்சிழுப்பு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது பிள்ளை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். "மருந்தை மாத்திக்கிட்டே இருக்கலாம், நோலா. காத்தை மாத்தினாத்தான் இவளுக்கு விடிவு" என்றார்.

கப்பல் பட்டறையை மூடியபோது நீ ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். இப்போது சொல்கிறேன், திட்டாதே. இரும்பு ஆலையின் இந்தச் செந்தூசியை விட்டுப் போக நமக்கு வேறு எப்போது வழி பிறந்திருக்கும்?

வீடு பார்க்கிற விஷயத்தில் உன் லட்சணம் எனக்குத் தெரியும். பின்னால் பெரிய கொட்டகை இருக்கிறது என்றுதானே இந்த வீட்டைப் பிடித்தாய். அதனால் தரகன் சொல்வதைக் கேட்காதே, நான் சொல்வதைக் கேள். திங்கட்கிழமை காலையில் போ. எல்லா வீட்டிலும் துவைக்கிற நாள். வேலிக்கு மேல் எட்டிக் கொடியைப் பார். வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தால் அந்தப் பேட்டையை எடு. இல்லையென்றால் மாளிகையே ஆனாலும் வேண்டாம்.

அன்புடன்,
நோலா


பெர்த்,
13 பிப்ரவரி 1979

என் நோலாவுக்கு,

மகாராணியின் உத்தரவுப்படி நேற்றுப் போனேன்.

மூன்று இடம் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் இருந்த வீட்டை எனக்கு முன்பே ஒருவன் பிடித்துவிட்டான். இரண்டாவது, வேலைக்குப் போக மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம், இரண்டு பஸ். மூன்றாவது பேங்சியா ரைஸ் என்ற புதுப் பேட்டை. பள்ளிக்கூடம் தெருமுனையில். நான் வீட்டுக்குள் போகாமல் வேலியோரம் நடப்பதைப் பார்த்துத் தரகன் டெஸ் கேட்டான்: "என்னய்யா, வீடு பாக்க வந்தியா, ஊர்ப் பொம்பளைங்க துணியப் பாக்க வந்தியா?"

"என் பொண்டாட்டி பாக்கச் சொன்னா. இங்க செந்தூசி வருமா?" என்றேன்.

"சிவப்பாவா? இந்த ஊர்ல நான் பாத்ததே இல்ல."

நோலா, பதினோரு கொடி எண்ணினேன். அத்தனையும் பால் வெள்ளை. உள்ளே போய் வெள்ளைக் கைக்குட்டையால் ஜன்னல் கட்டையைத் துடைத்தேன். எடுத்தபடியே வெள்ளையாக இருந்தது. பக்கத்து வீட்டு டோரீன் என்ற அம்மாள் காய்ந்த விரிப்பை எடுத்து, இரண்டு மூன்று தடவை ஓங்கி உதறி மடித்தார். நம் ஊரில் அப்படி உதறினால் தெருவே சிவந்துபோகும். இங்கே நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே பறந்ததாகத் தெரியவில்லை.

ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொட்டகை இல்லாத வீடு, கவனித்துக்கொள்.

உன்,
கெவன்


வயலா,
20 பிப்ரவரி 1979

கெவன், என் கண்ணே,

உன் கடிதத்தை மொய்ராவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "போதும்டி, அந்தப் பதினோரு கொடியும் எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு" என்கிறாள்.

வீட்டை ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சாமான் லாரி அடுத்த வாரம் புதன்கிழமை கிளம்புகிறது. அழுக்குத் தெரியாமல் இருக்க இத்தனை வருடம் வாங்கிய பழுப்புத் திரை, பழுப்புப் போர்வை எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டேன். கல்யாணமான பிறகு முதல் தடவையாக வெள்ளைப் படுக்கை விரிப்பு வாங்கியிருக்கிறேன், நான்கு. லியான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். நீ அனுப்பிய செய்தியைக் கேட்டதிலிருந்து, அங்கே போனதும் மரத்தில் ஏறுவேன், ஓடுவேன் என்று ஒரே கனவு.

மார்ச் 9ஆம் தேதி ரயில் ஏறுகிறோம். அதுவரை மொய்ரா வீட்டில்தான் இருப்போம்.

உன்,
நோலா


பேங்சியா ரைஸ்,
1 மார்ச் 1979

நோலா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை இந்த வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை காலையில் என் நீல வேலைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டையைச் சாம்பலில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. விரலால் தொட்டேன். வெள்ளைத் தூசி, மாவுபோல.

டோரீன் அம்மாளிடம் சட்டையைக் காட்டினேன். "சுண்ணாம்புக் காளவாய் தம்பி, அந்த மேட்டுக்குப் பின்னால. காலையில காத்து அங்கிட்டுப் போவும். மதியம் கடல்காத்து திரும்பிச்சுன்னா எல்லாம் நம்ம தலையிலதான். நாங்க யாரும் கறுப்பு, நீலம் வாங்குறதே இல்ல" என்றார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலியே. சிரிச்சுக்கிட்டுப் போனீங்க." சொல்லிவிட்டு, "பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டார். நான் சட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

டெஸ்ஸிடம் போய்க் கத்தினேன். "சிவப்பு வருமான்னு கேட்ட, இல்லேன்னேன். பொய்யா சொன்னேன்?" என்கிறான். ஒப்பந்தம் ஒரு வருடம், நகர முடியாது. நிறுவனத்தில் கேட்டால், குடும்பத்தை இடம் மாற்றித் தருவது ஒரு தடவைதான் என்கிறார்கள்.

நேற்று மூன்று தடவை தொலைபேசிக் கூண்டு வரை போனேன். மூன்றாவது தடவை மொய்ரா வீட்டுக்குப் போட்டேன். லியான்தான் எடுத்தாள். "அப்பா, அங்க எல்லாம் வெள்ளையா இருக்கா?" என்று கேட்டாள். "ஆமாடா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முடிந்தால் வராதே, நோலா. உன் அக்கா வீட்டுக்குப் போக முடியுமா என்று பார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

கெவன்


வயலா,
6 மார்ச் 1979

கெவன்,

கடிதம் நேற்று வந்தது.

அக்கா வீட்டில் ஏழு பேர், இரண்டு அறை. உனக்கே தெரியும். சாமான் எல்லாம் பாதி வழிக்கு மேல் போயிருக்கும். நாங்கள் வருகிறோம். வேறு எங்கே போவது?

வெள்ளைத் துணியைப் பார் என்று சொன்னது நான்தான். தூசி என்றால் சிவப்பு என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டோம். அதற்காக உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பிள்ளையிடம் ஆமாம் என்றாயே, அதை நீதான் அவளிடம் திருத்திச் சொல்ல வேண்டும். என்னால் முடியாது. இன்று காலையில்கூட மொய்ரா வீட்டு மரத்தடியில் நின்று எந்தக் கிளையில் முதலில் கால் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நம் வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் சாவி வாங்க வந்தார்கள். வெளியூர்க்காரர்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. அடுப்பு நன்றாக எரியுமா என்று கேட்டாள். எரியும் என்றேன். பின்னால் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். பெரிய கொட்டகை இருக்கிறது என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. நானும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

11ஆம் தேதி ஸ்டேஷனுக்கு வரும்போது அந்த நீலச் சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வா. நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

நோலா