வெள்ளைத் தட்டில் விழுந்த மதிப்பெண்

அன்பு மகள் டெலியாவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். என் இடது கைக்கு மட்டும் முக்கால் சுகம் என்று போட்டுக்கொள். நீ பெர்கனில் மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பிப்ரவரியில் எனக்குப் பக்கவாதம் வந்தபோது நீ அவ்வளவு தூரம் பறந்து வந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாயே, அப்போது ஒரு மதியம் என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். "இந்தக் கையை வெச்சுக்கிட்டு இனிமே அந்தத் துப்பாக்கி வேணுமாம்மா உனக்கு?" நான் தூக்கம் வருவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பது வருஷம் வகுப்பில் நின்றவள், ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் தூங்குவது போல நடித்தேன் என்றால் அந்தக் கேள்வி எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நீயே பார்த்துக்கொள். இப்போது ஜூலை. பதில் கிடைத்திருக்கிறது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. அப்பா இந்த வருஷமும் தேவைக்கு மேல் தக்காளி நட்டுவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று வழியில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக்கொண்டிருக்கிறார். தேவாலயத்துக் கூரை ஒழுகுகிறது, அதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதனால் இன்னும் கொஞ்ச காலம் ஒழுகும். கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் நல்லவள், துணி மாட்டும் கிளிப்புகளைக் கொடுத்து ஒவ்வொன்றாகக் கயிற்றில் மாட்டி எடுக்கச் சொல்வாள். அது எனக்குச் சலித்துப்போய், சின்னதாக வேறு எதையாவது பிடித்துப் பழகட்டுமா என்று கேட்டேன், தாராளமாக என்றாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து என் துப்பாக்கிக்கான மேக்னம் தோட்டாக்களை இடது கை விரலால் எடுத்து எடுத்து ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றுவேன். மெல்லிசாக, வழுக்கலாக, அடியில் ஒரு விளிம்பு வைத்து, பழகுகிற கைக்கென்றே செய்தது போல இருக்கும். அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது மேஜையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். பிறகு, இது எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை, ஆனால் வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீ சின்ன வயதில் கேட்பாய், சாதாரண இருபத்திரண்டு காலிபர் தோட்டா இருக்கும்போது சத்தமாக வெடிக்கிற இது எதற்கு என்று. அப்போது சொன்னதையே இப்போதும் சொல்கிறேன். பண்ணை வைத்திருக்கும் டென்வரின் வைக்கோல் வயலில் பூனைப் பருமன் வளை எலிகளான அந்தக் கிரவுண்ட்ஹாக்குகள் தோண்டி வைக்கும் குழியில் ஒரு கன்றுக்குட்டி கால் வைத்தால் அதோடு போயிற்று. அந்தப் பிராணி கொழுத்தது, உயிர் கெட்டி. சின்னத் தோட்டா பட்டால் வளைக்குள் இழுத்துக்கொண்டு போய் மெல்லச் சாகும், மான் சுடுகிற பெரிய துப்பாக்கியோ மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும், மாடுகள் வேலியை உடைக்கும், சுட்டவர் தோளும் வீங்கும். இந்த மேக்னம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை. தோளில் இடிக்காது, போகிற இடத்துக்கு நேராகப் போகும், பட்டால் அங்கேயே முடியும். அதோடு ஞாயிற்றுக்கிழமை மதியம் காலி டப்பாவைத் தட்டி விழவைக்கிற சந்தோஷத்துக்கு இதற்கு நிகர் எதுவும் இல்லை. அணில் வேட்டைக் காலத்தில் மட்டும் தலையைத் தவிர வேறெங்கும் படக்கூடாது, உடம்பில் பட்டால் அப்பா குழம்புக்கு எதை வைப்பார்.

ஜூன் மாதம் முதல் அறுப்பு முடிந்து வயல் மொட்டையானதும், வழக்கம்போல ஒரு ஆப்பிள் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு டென்வர் வீட்டுக்கு, அவன் வயலில் சுட அனுமதி கேட்கப் போனேன். உனக்குத் தெரியும், அவன் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவன், இப்போது தலை நரைத்துவிட்டது, இன்னும் என்னைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றிவிடுவான். என்ன டீச்சர், வருஷா வருஷம் வந்து கேட்கணுமா, நான் மாட்டேன்னா சொல்லப்போறேன் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வான். ஒரு வருஷம் கேட்காமல் போய்ப் பார்த்தால் தெரியும், அடுத்த தேவாலய விருந்தில் நம்மை விட்டு வேறு மேஜையில் போய் உட்கார்ந்துவிடுவான். இந்தத் தடவை அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பார்த்தான், பிறகு பலகாரத்தைப் பார்த்தான், உங்களுக்கு எப்ப தோணுதோ வாங்க டீச்சர் என்று மெதுவாகச் சொன்னான். அந்த மெதுவான குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டார். வேலிக் கம்பத்தின் மேல் மணல் பையை வைத்து, அதன் மேல் துப்பாக்கியைக் கிடத்தினேன். இடது கை சும்மா பையை அணைத்துக்கொண்டால் போதும். பின்னால் மலைச்சரிவு, குண்டு எங்கேயும் போய்விடாது. ஒன்று வளையிலிருந்து எழுந்து நின்றது. சுட்டேன், அதற்கு முன்னால் மண் தெறித்தது. இன்னொன்றையும் தவறவிட்டேன். மூன்றாவதன் பின்பக்கத்தில் பட்டது. அது இரண்டு முன்காலால் தன்னை இழுத்துக்கொண்டு வளைக்குள் போனது, டெலியா. நான் அந்த வளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன், செய்வதற்கு ஒன்றுமில்லை. இவ்வளவு வருஷத்தில் அப்படி ஒரு காரியம் நான் செய்ததில்லை. நம் ஊரில் குறி தவறியவன் என்னென்ன சொல்வான் என்று உனக்குத் தெரியுமே, காற்று அடித்தது, வெயில் கண்ணில் விழுந்தது, குறி பார்க்கிற ஸ்கோப் ஆடுகிறது, தோட்டா பழசு, மாமியார் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். வேலிக்கு வந்த டென்வர் அந்தச் சாக்குகளை எல்லாம் எனக்காக ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். நான் ஒன்றையும் வாங்கிக்கொள்ளவில்லை. பென்சில் சரியில்லை டீச்சர் என்று எழுந்து நின்ற எத்தனை பிள்ளைகளை, பென்சில் என்ன செய்யும், உட்கார்ந்து எழுது என்று உட்கார வைத்திருக்கிறேன். கை போய்விட்டது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உயிரை வதைக்கிற கையோடு வயலுக்குப் போகக்கூடாது. துப்பாக்கியைத் துடைத்து உறையில் போட்டு, டென்வரின் மனைவி ராக்ஸிக்குக் கொடுத்துவிடச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். அவர் சரி என்று சொன்னாரே தவிரக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் ராக்ஸிக்குப் போன் செய்து, நீயே வந்து இவளிடம் வாங்கிக்கொள், எனக்கு அதைக் கையில் எடுக்க மனசு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

ராக்ஸியை உனக்கு நினைவிருக்கும், ஆள் குள்ளம், குரல் பெரிசு, மாவட்டத்தில் அவளை மாதிரிச் சுடுகிற ஆண்பிள்ளை இல்லை. ஞாயிறு பிரார்த்தனை முடிந்ததும் வந்தாள். ஓசியில வர்ற குதிரைன்னாலும் ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டுத்தானே வாங்கணும் டீச்சர் என்று சொல்லி, என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் சரளைக்கல் குழிக்குப் போனாள். டென்வர் மண்சுவரின் அடியில் டப்பாக்களை வரிசையாக வைத்தான். சுடுவதற்கு நல்ல தூரம்தான், ஆனாலும் அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. படுத்தாள், சுட்டாள், டப்பா அப்படியே நின்றது. மறுபடியும் நின்றது. இன்னும் இரண்டு குண்டுக்கும் நின்றது. டென்வர் கொஞ்சம் இருமினான். அவள் எழுந்து உட்கார்ந்து துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"டீச்சர், உங்க கைக்கு ஒண்ணும் இல்ல. இந்தத் துப்பாக்கிக்குத்தான் பக்கவாதம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிப்ரவரிக்குப் பிறகு அந்தச் சொல்லை ஒருவரும் என் முன்னால் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஏதோ காதில் விழுந்தால் திரும்பி வந்துவிடும் என்பது போல. ராக்ஸி தோட்டாப் பெட்டியைக் கேட்டாள். வசந்த காலத்தில் நாம் எப்போதும் வாங்குகிறது கடையில் தீர்ந்துபோயிருந்தது, அப்பா வேறு ஒன்று வாங்கி வந்திருந்தார். அதன் மேலும் இருபத்திரண்டு மேக்னம் என்றுதான் எழுதியிருந்தது, குழலிலும் சரியாகத்தான் போனது, ஆனால் குண்டு எடை குறைந்தது, வேகம் கூடினது. இந்தத் துப்பாக்கிகள் நாக்கு ருசி பார்க்கிற பிள்ளைகள் மாதிரி, ஒரே மாவில் சுட்ட இரண்டு ரொட்டியில் ஒன்றைத் தின்னும், ஒன்றைத் துப்பும். புதுப் பெட்டி வாங்கினால் முதலில் காகிதத்தில் சுட்டு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும், அதை நானே உனக்கும் இந்த டென்வருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் ஏன் பார்க்கவில்லை என்று நீ கேட்பாய். காகிதத்தைக் கண்டு பயந்தேன், அதுதான் காரணம். காகிதத்தில் விழுகிற ஓட்டை கைக்குப் போடுகிற மதிப்பெண், அதை யாரும் அழிக்க முடியாது. அந்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் நேராக வயலுக்குப் போனேன். அதற்கான விலையை அந்தப் பிராணி கொடுத்தது. அது மட்டும் எனக்கு ஆறவில்லை.

டென்வர் வண்டியிலிருந்து அவர்களுடைய பெட்டியைக் கொண்டுவந்தான், நம்முடைய வழக்கமான தோட்டா. ராக்ஸி சுட்டாள், டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டன. பிறகு தேவாலயத்து விருந்தில் மிஞ்சிய வெள்ளைக் காகிதத் தட்டு ஒன்றை மண்சுவரில் குத்தி வைத்துவிட்டுத் துப்பாக்கியை என் முன்னால் வைத்தாள். தோட்டாக்களை இடது கையாலேயே போட்டேன், நேரம் பிடித்தது, இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மெல்ல மூச்சை விட்டு, விட்ட இடத்தில் விசையை அழுத்தினேன். சுட்டு முடித்ததும் டென்வர் போய்த் தட்டைப் பிடுங்கி வந்து, பரீட்சைத் தாளைத் திருப்பித் தருகிறவன் மாதிரி என் மடியில் வைத்தான்.

உண்மையைச் சொல்கிறேன். பழைய மார்லீனாக நான் சுட்டிருந்தால் எல்லா ஓட்டையும் ஒரு காசுக்கு அடியில் மறைந்துவிடும். இது ஒரு முட்டை அளவுக்குப் பரவியிருந்தது. நூறு கெஜத்துக்கு இந்தக் கை இனிமேல் போதாது, ஐம்பதுக்குப் போதும். எல்லா ஓட்டையும் தட்டுக்குள்தான் இருந்தன. "நாலாம் கிளாஸ்ல எனக்கு இதைவிடக் கம்மியாப் போட்டுட்டு, பாஸுன்னு சொன்னீங்க டீச்சர்" என்றான் டென்வர். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. ராக்ஸி சுட்டுப் போட்ட காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கிக்கொண்டே, அப்ப எனக்குத் துப்பாக்கி கிடையாதா, ஆசைகாட்டி ஏமாத்தறதே இந்த வாத்தியார் ஜாதிக்கு வேலை என்று முணுமுணுத்தாள்.

அதனால் உன் கேள்விக்குப் பதில்: வேண்டும், ஆனால் கிட்டத்தில். இப்போது நான் வேலியை விட்டு, வயல் நடுவில் இருக்கும் பழைய வைக்கோல் வண்டியில் போய் உட்காருகிறேன், அங்கிருந்து மூன்று வளைகள் ஐம்பது கெஜத்துக்குள் இருக்கின்றன. தூரத்தில் எழுந்து நிற்பதைப் பார்த்தால் காலை வணக்கம் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறேன். போன வாரம் ஒன்று, பட்ட இடத்திலேயே விழுந்தது. கன்றுகளை அவிழ்த்து விட்டாயிற்று, நான்கு கால்களோடும் ஓடுகின்றன. இலையுதிர் காலத்தில் அணிலுக்குப் போகலாமா என்று தட்டில் இன்னொரு முறை சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வேன், அப்பா இப்போதே மாவையும் மிளகையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மிச்சமிருந்த அந்த வேறு தோட்டாக்களை நான் எறியவில்லை, விரல் பயிற்சிக்கு அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

எவ்வளவு பேருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து என் விரலை நீவிய உனக்கு, என்னிடம் வாயால் சொல்லாமல் ராக்ஸிக்கு ஒரு போன் செய்த உன் அப்பாவுக்கு, என்னைப் பரிதாபமாகப் பார்க்காமல் துப்பாக்கியைத் திட்டிய ராக்ஸிக்கு. கடவுள் உன்னை நல்ல உடம்போடும், நல்ல மனிதர்கள் நடுவிலும் வைத்திருக்கட்டும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியாக அனுப்பியிருக்கிறேன், அலமாரியில் வைக்காமல் காலில் போடு.

ஒன்றே ஒன்று. நீ அந்த ஊர் மொழிப் பரீட்சையை மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டாய் என்று அப்பா சொன்னார், தேறமாட்டேன் என்று நீயே முடிவு செய்துவிட்டாயாம். நாளைக் காலையில் அகராதியை மூடி வைத்துவிட்டு, ஒரு பக்கம், மனதில் தோன்றுவதை அந்த மொழியிலேயே எழுது. அதை உன் கீழ்வீட்டில் இருக்கிற, அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த அம்மாளிடம் கொடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்தித் தரச் சொல்.

உன் அன்பு அம்மா,
மார்லீன்