ஐ.சி.யூ.வில் ஆறு வருஷம் நான்கு மாதம்

மயூர் விஹார், தில்லி
16 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள வசுமதிக்கு,

அப்பாவின் ஆசீர்வாதம். தில்லிக் காற்றில் எவ்வளவு சௌக்கியமாக இருக்க முடியுமோ அவ்வளவு சௌக்கியமாக நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நீ அலபாமாவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்று போனில், எப்படிப்பா அந்த லெட்டரை வாங்கினே என்று நீ கேட்டபோது நான் சொல்லத் தொடங்குவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தில் என்றால் எனக்குக் கொஞ்சம் கோர்வையாக வரும்.

முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். கொடுப்பதை வாங்கிக்கொள், எதிர்த்துக் கேட்காதே என்று போன மாதம் உனக்குச் சொன்னவன் நான். முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்காரில் இருந்தவனுக்குச் சம்பளம் என்பது ஊதியக் கமிஷன் போட்டுக் கொடுப்பது, கேட்டு வாங்குவதல்ல. நீதான் பொறுமையாக விளக்கினாய், அங்கே ஐ.சி.யூ.வில் இடம் காலி, தில்லியில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த வருஷங்களுக்குச் சான்று கொடுத்தால் மணிக்கு முப்பத்தேழு டாலர், இல்லாவிட்டால் பொது வார்டில் புதிதாகப் படித்து வந்தவர்களோடு அதே இருபத்தொன்பதில் கிடக்க வேண்டும் என்று. மேல் வீட்டு மகாதேவன் வேறு, நர்ஸ் வேலைக்குக் கலிபோர்னியாவை விட்டுவிட்டு அலபாமாவுக்கு யாராவது போவாளா ஓய் என்று லிஃப்டில் சீண்டினார். கலிபோர்னியாவில் சம்பளமும் அதிகம், வாடகையும் அதிகம் என்று நீ சொன்ன கணக்கை ஒப்பித்தேன். அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது, பேச்சை மாற்றினார்.

உன் பழைய ஆஸ்பத்திரிக்குப் சான்று கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பதினைந்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல் என்று என் வழக்கப்படி அனுப்பினேன். பதிலே இல்லை. இது என்ன உங்கள் ஆபீஸா, நேரில் போங்கோ என்று அம்மா விரட்டினாள். செவ்வாய்க்கிழமை போனேன். அலுவலகத்தில் சுஷ்மா என்ற பெண், அங்கிள்ஜி, நிர்வாகம் மாறிவிட்டது, கம்ப்யூட்டரில் ஸ்டாஃப் நர்ஸ் என்று மட்டும்தான் இருக்கிறது, எந்த வார்டு என்று இல்லை, நான் என்ன செய்ய என்று கையை விரித்தாள். அச்சா பேட்டி, சரி அம்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குத் திரும்பத்தான் நினைத்தேன். ஆனால் பையில் என் ஃபைல் இருந்தது. மாதாமாதம் நீ கொண்டுவரும் டியூட்டி சார்ட் நகலை, எந்த நாள் உன்னை அழைத்துப்போக ஸ்கூட்டரோடு மெட்ரோ ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்று தெரிவதற்காக ஃபிரிட்ஜில் ஒட்டுவேனே, மாதம் முடிந்ததும் அதைக் கோத்து வைத்துவிடுவேன். ஒவ்வொன்றிலும் தலைப்பில் ஐ.சி.யூ., அடியில் நர்சிங் சூப்பரின்டென்டென்டின் கையெழுத்து.

அவரைப் பார்க்க இரண்டாம் மாடிக்குப் போனேன். காவலாளி தடுத்தான், வசுமதி சிஸ்டரின் அப்பா என்றேன், உடனே கதவைத் திறந்துவிட்டான். சூப்பரின்டென்டென்ட் லீலாம்மா மேடம் ஃபைலைப் புரட்டினார், பெண்ணின் டியூட்டி சார்ட்டைச் சேர்த்துவைத்த அப்பாவை இந்த சர்வீஸில் இப்போதுதான் பார்க்கிறேன் சார் என்று மலையாளத் தமிழில் சிரித்தார். பிறகு எண்ணினார். ஆறு வருஷம் நான்கு மாதத்துக்கு எழுபத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு. ஐந்து வருஷம் தாண்டிய காகிதத்தைக் கழிக்க வேண்டும் என்ற ஆபீஸ் விதிப்படி, போன வருஷ தீபாவளிச் சுத்தத்தில் முதல் பதினான்கையும் நானே பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரனிடம் போட்டிருந்தேன். அதை மறைக்காமல் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு தன் இரும்பு பீரோவைத் திறந்தார். அந்த ஐ.சி.யூ. தொடங்கிய நாளில் அவர் தேர்ந்தெடுத்த எட்டு நர்ஸ்களின் பட்டியல் அதில் இருந்தது, மூன்றாவது பெயர் உன்னுடையது. நேரே என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். அப்போதும் சுஷ்மா நாளைக்கு வாருங்கள் என்றாள். வசுமதி, நான் மேஜைமேல் ஃபைலை வைத்து, நாளை இல்லை அம்மா, இன்று, என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாலு மணிக்கு முத்திரையோடு கடிதம் கையில் இருந்தது, வாசலிலேயே போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பினேன்.

முப்பத்தேழு டாலரையும் ஐ.சி.யூ.வையும் அலபாமா ஆஸ்பத்திரியில் ஒப்புக்கொண்டார்கள் என்று நீ சொன்னதை அம்மா தமிழ்ச் சங்கம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மகாதேவன் இனிப்பு கேட்டு வந்தார், இரண்டு லட்டு தின்றார், தன் மருமகளுக்கு அலபாமாவில் ஏதாவது இடம் இருக்குமா என்றும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் வேலைப் பிரிவு, அனுபவம், மணிச் சம்பளம் மூன்றும் எழுத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பார். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவள் நல்ல ஷூவாக வாங்கிக்கொள்ளச் சொன்னாள் அம்மா. அடுத்த வருஷமும் உன் சம்பளத்தைப் பற்றிப் பேச்சு வரும். அப்போது என்னைக் கேட்காதே, அவர்களைக் கேள். உனக்கு நீண்ட ஆயுளும் கேட்கிற தைரியமும் குறையாமல் இருக்கட்டும்.

உன் அன்புள்ள அப்பா,
சங்கரநாராயணன்