மூன்று அறை மருந்து

வியாழன், 6

பகல் 12.17. போன். மச்சான், செல்வியின் அண்ணன். "மாப்ள, பட்டாசுக் கம்பெனில வெடிச்சிருச்சு. நம்ம செல்வி..." அதற்குமேல் அழுகை.

சிமுலேஷன் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை.

செவ்வாய், 11

வெயில். இன்றுதான் லேப்டாப் திறந்தேன். ஓடி முடிந்திருக்கிறது. கேலக்ஸி கொத்துக்குள் நிரம்பிய சூடான வாயு. மொத்த நிறை சரி. ஓரங்களில் மட்டும் கட்டி கட்டியாக. சராசரியில் இது தெரியாது. மூன்று இடத்து வாயு ஒரே இடத்தில் சேர்ந்தால் அங்கே எக்ஸ்-கதிர் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. ஆராய்ச்சி கைடுக்கு மெயில் போடணும்.

வாங்க: பால், சோப். இறப்புச் சான்றிதழுக்கு அவள் ஆதார் நகல் 2.

அத்தை: "சாப்பிட்டீகளா?"

ம் என்றேன். சாப்பிடவில்லை.

புதன், 12

மச்சான் ஒரு தாளோடு வந்தார். அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். தாள் மேனேஜர் கொடுத்தது. நாளை சூலக்கரையில் விபத்து பற்றிய அரசு விசாரணை. 'அன்று வெடிமருந்து அனுமதித்த அளவுக்குள் இருந்ததாக என் மனைவி கூறினார்.' கீழே என் பெயர், டைப் செய்து.

"பொய் ஒண்ணும் இல்ல மாப்ள. மொத்தம் சரியாத்தான இருந்துச்சு."

இருந்தது. வெடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் செல்வி, வெங்காயம் உரித்தபடி: "மூணு ரூமு மருந்தையும் ஒரே ரூம்ல குமிச்சிருக்காக. மத்த ரெண்டும் ஒழுகுதாம். சூப்பர்வைசர்னு பேருதான் எனக்கு, நான் சொன்னா சிரிக்காக." திரையைப் பார்த்தபடி ம் சொன்னேன். போகாதே என்று சொல்லவில்லை.

மச்சான்: "கம்பெனியப் பூட்டிட்டா சீசன் நேரத்துல நாங்க எங்கிட்டுப் போவம்? எம்புட்டுக் குடும்பம்."

அடுப்படியிலிருந்து அத்தை: "ஏலே, தங்கச்சி படத்துக்கு முன்னாலயே பேனாவ நீட்டுறியே. அந்தப் பக்கம் போயி நீட்டு."

தாள் மேசையில். இரண்டு பிள்ளைகள் அவருக்கு. மூத்தது பத்தாவது.

வியாழன், 13

மேகமூட்டம். காலை பஸ், உட்கார இடம் கிடைத்தது. விசாரணை அதிகாரி ஒரு அம்மா. இருமல்.

"மொத்த மருந்து அளவுக்குள்ளதானே இருந்துச்சு?"

"மொத்தம் சரி மேடம். மூணு ரூமு மருந்தும் ஒரே ரூம்ல இருந்துச்சு."

"யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரி. முந்தின நாளு."

எழுதிக்கொண்டார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் தாள் பையிலேயே.

வெளியே மச்சான், வண்டி மேல் உட்கார்ந்து. "சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

"நல்லாருங்க மாப்ள." வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் ஏழு அழைப்பு. மேனேஜர் ஐந்து, மச்சான் இரண்டு. எட்டாவது இப்போது. மச்சான். போனை ஆஃப் செய்துவிட்டேன்.