ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்ச்

ஜூன் 9
பழைய மாணவியர் தேநீர் விருந்து. நான் படித்த கான்வென்ட்டில்தான் என் மருமகள் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். தலைமை சிஸ்டர் அவளைப் பற்றி விசாரித்தார்.
"ஒரு தடவை எட்டிப் பாருங்க சிஸ்டர். கணக்கு வகுப்பா சந்தைக்கடையான்னு சந்தேகம் வந்துடும். எல்லாம் தமிழ்லதான்" என்றேன்.
மேசையே சிரித்தது. நானும். ஒரு சொட்டுச் சிந்தாமல் கோப்பையைச் சாசரில் வைத்தேன். அங்கே கற்ற பழக்கம்.

ஜூன் 13
மருமகள் சாப்பிடவில்லை. இனி ஆங்கிலத்தில் மட்டும்தான் நடத்த வேண்டுமாம். வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார்களாம். சரியில்லை என்றால் ஏழாம் வகுப்பு கைவிட்டுப் போகும்.
"யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க அத்தை."
"காபி ஆறுது பாரு" என்றேன்.

ஜூன் 14
விளையாட்டாகத்தானே சொன்னேன்.

ஜூன் 18
சிஸ்டர் என்னையும் வகுப்புக்கு அழைத்துப் போனார். "நல்ல இங்கிலீஷ் எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்." பெருமையாக இருந்தது, வெட்கங்கெட்ட மனசுக்கு.

கடைசி பெஞ்ச். மருமகள் என்னைப் பார்த்தாள், பிறகு கரும்பலகையை. உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ். ஆங்கிலத்தில் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்தாள். வகுப்பே ஒரே குரலில் ஒப்பித்தது. என் உதடும் அசைந்தது.

பக்கத்து இரட்டைச்சடைக்காரி என் முழங்கையை இடித்தாள். "பாட்டி, ஏன் ப்ளஸ்?"
"உஷ்! மிஸ்ஸைக் கவனி."
கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். ஏன் ப்ளஸ்? எனக்கு என்னடி தெரியும்!

வெளியே வந்ததும் சிஸ்டர், "இப்பதான் வகுப்பு மாதிரி இருக்கு" என்றார். ஒரு பெண்கூடக் கை தூக்கிக் கேட்கவில்லை. என் காலத்திலும் அப்படித்தான்.

ஜூன் 19
ஏன் ப்ளஸ் என்று அடுக்களையில் மெல்லக் கேட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.
"தொட்டி ஒழுகுதுன்னு வைங்க. நிமிஷத்துக்கு ரெண்டு வாளி குறையுது. அப்போ மூணு நிமிஷத்துக்கு முன்னாடி?"
"ஆறு வாளி கூடுதலா இருந்திருக்கும்."
"குறையறது ஒரு மைனஸ், முன்னாடிங்கறது இன்னொரு மைனஸ். கூடுதல்னா ப்ளஸ். அவ்ளோதான் அத்தை."

அவ்வளவுதானா! இத்தனை வருஷம்—
"அந்த 'யாரோ'..." என்று ஆரம்பித்தேன்.
"தெரியும் அத்தை. சிஸ்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்க." அடுப்பைத் தணித்தாள். "உங்களுக்குச் சக்கரை போடலாமா?"
தெரிந்தேதான் யாரோ என்றிருக்கிறாள். என் முகத்தைக் காப்பாற்ற.

ஜூன் 26
மறுபடியும் தமிழில் நடத்தியிருக்கிறாள். "அதுங்க முழிக்கறதைப் பாக்க முடியல அத்தை." வகுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். தையல் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.
சிஸ்டரிடம் ஓடினேன். நான் சொன்னது தப்பு என்றேன்.
"நீங்க சொன்னதுல என்ன தப்பு? பெத்தவங்க கேக்கறதும் அதைத்தானே?" தேநீர் வரவழைத்தார். கோப்பையை வைத்த வேகத்தில் சாசரெல்லாம் தேநீர்.

ஜூலை 6
ஏழாம் வகுப்புப் பெண்கள் ஐந்தாறு பேர் மாலையில் மருமகளிடம் கணக்குக் கற்க எங்கள் கூடத்துக்கு வருகிறார்கள். இன்று பின்னச் சமன்பாடு. கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது வரியில் புரியவில்லை. கை தூக்கினேன்.
இரட்டைச்சடைக்காரி திரும்பிப் பார்த்துக் கத்தினாள்: "மிஸ், பாட்டிக்கும் தெரியலயாம்!"
முகம் சுட்டது. கையை இறக்கவில்லை.